மாதச் சம்பளமும் வருஷச் செலவும்

(வளைகுடாவுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன வாரம் சாயங்காலம் கோயில் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு மாமி ஒருவர் வழியில் நிறுத்தினார். கையில் போன், அதில் மகனுக்கு வந்த ஆஃபர் லெட்டர். "துபாயிலே எட்டாயிரம் திர்ஹமாம். நம்ம பணத்துக்கு ஒண்ணு எம்பத்து நாலு வரதாம். இங்கே அம்பதாயிரம்தானே வாங்கிண்டிருக்கான். கல்யாணமும் ஆயிடுத்து, ரெண்டு பேருமா போயிடட்டுமா?" என்று கேட்டார்.

எட்டாயிரத்தை 23-ஆல் பெருக்கியிருக்கிறார். பெருக்கல் சரிதான். போகலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும் அந்தப் பெருக்கலுக்குள் பதில் கிடையாது. குளத்தங்கரையில் நின்றபடியே சொல்லி முடிக்கிற சங்கதியும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு இங்கே பேச ஒத்துக்கொண்டேன். மாமியும் வந்திருக்கிறார். கடைசியில் அவருக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். 1996-லிருந்து 2019 வரை 23 வருஷம் துபாயில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். முதல் நாலு வருஷம் தேராவில் ஒரே அறையில் ஆறு பேரோடு. அப்புறம் குடும்பத்தோடு கராமாவில். கடைசிக் காலத்தில் வாடகை தாங்காமல் ஷார்ஜா அல் நஹ்தாவில். கம்பெனிக்கு எழுதிய கணக்கை விட என் வீட்டுக்கு எழுதிய கணக்கில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

நமக்கு வளைகுடா தூர தேசம் இல்லை. இந்த இடத்திலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29-இல் தன் முதல் விமானத்தை விட்டதே இங்கிருந்து அபுதாபிக்குத்தான். பக்கத்து மணக்காட்டில் 2016-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் துணைத் தூதரகம் வந்தது. உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் கேரளத்தின் வெளிநாட்டுக் குடிபெயர்வைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. 2023-இல் எடுத்த கணக்கின்படி வெளிநாடுகளில் இருக்கும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 2.16 லட்சம் கோடி ரூபாய். இதெல்லாம் வந்து சேர்ந்த பணத்தின் கணக்கு. அங்கே செலவழிந்த பணத்தின் கணக்கு யார் வீட்டிலும் இருப்பதில்லை. அனுப்புகிறவர் சொல்வதில்லை, வாங்குகிறவர் கேட்பதில்லை.

ரூபாயால் பெருக்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஒரு காலத்தில் அங்கே பெருக்கவே வேண்டியிருக்கவில்லை. துபாயிலும் தோஹாவிலும் மஸ்கட்டிலும் கடைக்குப் போனால் நம் ரூபாய்தான். தங்கக் கடத்தலைத் தடுப்பதற்காக 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது கையில் இருந்த பணம் ஒரே நாளில் தேய்ந்ததைக் கண்டு அந்த ஊர்கள் ஒவ்வொன்றாக நம் ரூபாயைக் கைவிட்டன. ஓமான் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. அமீரகத்துக்குத் திர்ஹம் 1973-இல் வந்தது. 1997 முதல் அது டாலரோடு கட்டிப்போட்ட பணம்: ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், அன்றும் இன்றும். ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கும்போதெல்லாம் திர்ஹம் நம் கண்ணுக்கு ஏறுகிறது. 2013 தொடக்கத்தில் ஒரு திர்ஹத்துக்கு 15 ரூபாய்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. 2025-இல் 23-ஐத் தாண்டிவிட்டது. இங்கே வீட்டுக் கடன் இருக்கிறவனுக்கு இது லாபம். பெண்டாட்டி பிள்ளையோடு அங்கே குடியிருக்கிறவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவன் வாடகையும் பள்ளிக் கட்டணமும் திர்ஹத்தில்தான் போகின்றன.

இனி செலவுக்கு வருகிறேன். வாடகையில் தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான்.

இங்கே ஸ்ரீவராகத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தால் கொஞ்சம் அட்வான்ஸ், பிறகு மாதம் பிறந்ததும் வாடகை. துபாயில் வாடகை என்றால் அது வருஷ வாடகை. "நாற்பத்தெட்டு, நாலு செக்" என்பார் ஏஜென்ட். வருஷத்துக்கு 48,000 திர்ஹம், நாலு காசோலை என்று அர்த்தம். வீட்டைப் பார்த்த அன்றே நாலு காசோலையிலும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட வேண்டும். முதலாவது இன்றைய தேதிக்கு, மற்றவை மூன்று மாதத்துக்கு ஒன்று. எத்தனை காசோலை குறைகிறதோ அந்த அளவுக்குப் பேரம் பேசலாம். ஒரே காசோலை தருகிறவனுக்கு வீட்டுக்காரர் தனி மரியாதை தருவார். நம் பிள்ளைகளால் அது முடியாது.

உதாரணத்துக்கு 48,000 திர்ஹம் வாடகையில் ஒரு ஸ்டுடியோவை வைத்துக்கொள்வோம். ஸ்டுடியோ என்றால் ஒரே அறை, ஒரு ஓரத்தில் சமையல், ஒரு குளியலறை. உள்ளே நுழைகிற நாளில் என்ன வேண்டும்? முதல் காசோலை 12,000. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் வழக்கமாக 5 சதவீதம், 2,400. ஏஜென்ட் கமிஷன் இன்னொரு 5 சதவீதம், அதன் மேல் வாட், 2,520. மின்சாரமும் தண்ணீரும் தருகிற தேவாவுக்கு டெபாசிட் 2,000. ஒப்பந்தத்தை எஜாரி என்ற அரசுப் பதிவேட்டில் பதிய, இணைப்புக் கொடுக்க என்று இன்னும் சில நூறு. மொத்தம் 19,000 திர்ஹத்தைத் தாண்டுகிறது. நம் பணத்தில் நாலேகால் லட்சத்துக்கும் மேல். வீட்டில் இன்னும் ஒரு கட்டில் இல்லை, ஒரு பாத்திரம் இல்லை. முதல் மாதச் சம்பளமோ வேலைக்குச் சேர்ந்து முப்பது நாள் கழித்து வரும் 8,000. இந்த 19,000 எங்கிருந்து வரும் என்று மாமியின் மகனிடம் கேட்டேன். அவன் யோசிக்கவில்லை. அவன்மேல் குற்றம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதோடும் முடியவில்லை. வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக்கு வீட்டு வரி. அது தனி ரசீதாக வராது, தேவா பில்லோடு சேர்ந்து மாதாமாதம் வரும். நம் கணக்கில் மாதம் 200 திர்ஹம். புதிதாகப் போகிறவர்கள் முதல் பில்லைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கரண்டா எரித்தோம் என்று விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தக் காசோலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இருந்த காலத்தில் காசோலை திரும்பினால் போலீஸ், சிறை. 2022 ஜனவரியில் சட்டத்தை மாற்றினார்கள்; பணம் போதாமல் திரும்பினால் பெரும்பாலும் கிரிமினல் வழக்கு இல்லை. ஆனால் காசோலையைக் கையில் வைத்திருப்பவர் நேரே கோர்ட்டுக்குப் போய் வசூல் நடவடிக்கை எடுக்கலாம். பயணத் தடைகூட வரலாம். 2009-இல், உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, நான் வேலை பார்த்த கம்பெனி மூன்று மாதம் சம்பளம் போடவில்லை. மூன்றாவது காசோலையின் தேதி வந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். தேரா கோல்டு சூக்கில் விற்றுவிட்டு நேரே வங்கிக்குப் போய்ப் பணம் கட்டினேன். அந்த வருஷம்தான் அமீரக அரசு சம்பளத்தை வங்கி வழியாகவே போட வேண்டும், அரசு அதைக் கண்காணிக்கும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மேல். அந்த வளையல் மட்டும் திரும்பி வரவில்லை.

வாடகை ஏறுவதற்கு வரைமுறை உண்டு, பலருக்கு அது தெரியாது. 2013-ஆம் வருஷத்து ஆணையின்படி, நீங்கள் தருகிற வாடகை அந்தப் பகுதியின் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஒரு திர்ஹம்கூட ஏற்றக் கூடாது. 11 முதல் 20 சதவீதம் வரை குறைவென்றால் 5 சதவீதம் ஏற்றலாம். அப்படியே படிப்படியாகப் போய், உச்ச வரம்பு 20 சதவீதம். ஒப்பந்தம் முடிய 90 நாள் முன்பே தெரிவிக்கவும் வேண்டும். வீட்டுக்காரர் வாயால் சொன்னதற்குப் பயந்து தலையாட்டாதீர்கள். ஒப்பந்தம் எஜாரியில் பதிந்திருந்தால்தான் இந்தச் சட்டத்தை எடுத்துப் பேச முடியும். இன்னொருவர் பெயரில் இருக்கும் வீட்டில் பலகைத் தடுப்பு போட்டுத் தருகிற 'பார்ட்டிஷன்' அறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2025-இல் துபாய் நகராட்சி ரிக்கா, சத்வா, பர்ஷா போன்ற பகுதிகளில் அப்படிப்பட்ட தடுப்புகளைத் தேடிப் பிடித்து இடிக்கத் தொடங்கியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை: "அங்கே வரி இல்லை." சம்பளத்தில் வருமான வரி இல்லை, உண்மைதான். இதன் மறுபக்கத்தை எனக்குக் காட்டியவர் எங்கள் அலுவலகத்துக்குப் போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு இன்ஜினீயர். வேலையில் சேரும் முன் ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தார். இடது பக்கத்தில், ஊரில் தன் சம்பளத்திலிருந்து என்னென்ன பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு நேராக வலது பக்கத்தில், அந்தப் பிடித்தத்துக்குத் தனக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதியிருந்தார். போலந்தில் இன்றைக்கு வருமான வரி 12 சதவீதம், ஒரு வரம்புக்கு மேல் 32, மருத்துவத்துக்கு 9, ஓய்வூதியத்துக்கு முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்குப் பாதி. அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு இலவச அரசுப் பள்ளி, வயதான காலத்தில் பென்ஷன். "இங்கே பிடித்தம் இல்லை என்கிறீர்கள். வலது பக்கத்தில் இருப்பதை யார் தருவார்கள்?" என்று கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் பேசிப் பேசிப் பள்ளிக் கட்டணத்தையும் குடும்பத்தின் இன்சூரன்ஸையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

நமக்கும் அந்த வலது பக்கம் உண்டு. இங்கே மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, அரசுப் பள்ளி இருக்கிறது, பெரும்பாலும் சொந்த வீடு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கிறார். இதற்கெல்லாம் நாம் விலை போட்டதில்லை. அங்கே போனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. தண்ணீர்கூடக் கடல் நீரைக் குடிநீராக்கித் தருவது.

மருத்துவத்தைப் பாருங்கள். துபாயில் வேலை பார்க்கிறவனுக்கு முதலாளி இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம். மனைவிக்கும் பிள்ளைக்கும் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கூட்டிக்கொண்டு போகிறவன் தலையில்தான் அது விழும். அபுதாபியில் விதி வேறு, அங்கே மனைவியும் மூன்று பிள்ளைகள் வரையிலும் முதலாளியின் பொறுப்பு. ஆகவே இரண்டு ஊரிலும் ஒரே சம்பளம் சொன்னால் அவை ஒரே சம்பளம் அல்ல. பல் வைத்தியம் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் சேராது. பல்லைச் சரிசெய்ய லீவுக்காகக் காத்திருந்து ஊருக்கு வருகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடம்தான் குடும்பங்களைப் பிரிக்கிறது. வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் மற்றவற்றைவிட மலிவு; ஆனாலும் ஒரு பிள்ளைக்குக் கட்டுகிறவன் இரண்டாவது பிள்ளை வந்ததும் தடுமாறுவான். கட்டணத்தை டெர்முக்கு டெர்ம் மொத்தமாகக் கேட்பார்கள். பஸ்ஸுக்குத் தனி, புத்தகத்துக்குத் தனி, சீருடைக்குத் தனி. பாதி வழியில் தாங்காமல் மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, வீட்டைக் காலி செய்து, மறுபடி பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு, அதாவது பெட் ஸ்பேஸுக்கு, போய்விடுவார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற நாற்பது வயதுக்காரனுக்கு அங்கே பெயர் 'பேச்சிலர்'. அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் அறையில் இருந்த ஒருவர் ராத்திரி போனில் மகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதைப் பார்த்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. அதற்கும் அங்கே இன்றைக்கும் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், கூப்பிட்டுப் பேச முடியாது. பேசுவதற்கு அனுமதி பெற்ற வேறு ஆப்பைத்தான் தேட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இங்கிருந்தே விமானம் ஏறிப் போகின்றன. கீழே கிராசரி, பக்கத்தில் மலையாளி கஃபட்டேரியா, மூலைக்கு மூலை மெஸ். வீட்டில் சமைத்தால் சமாளிக்கலாம். வாட் 5 சதவீதம்தான், 2018 முதல். சிகரெட் பழக்கம் இருக்கிறவனுக்குக் கஷ்டம், அதற்கு நூறு சதவீதம் தனி வரி.

போக்குவரத்தும் சமாளிக்கக்கூடியதுதான், மெட்ரோ பக்கத்தில் இருந்தால். 2009-இல் மெட்ரோ வந்தபோது எங்களுக்கு ஊரே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. சில்வர் நோல் கார்டில் தூரத்துக்குத் தக்கபடி 3, 5, ஏழரை திர்ஹம். எல்லா மண்டலங்களுக்கும் 30 நாள் பாஸ் 350. கார் வாங்கியவன் கதை வேறு. சாலிக் என்ற சாலைச் சுங்க கேட்டைத் தாண்டினால் பெரும்பாலும் நாலு திர்ஹம், 2025 முதல் நெரிசல் நேரத்தில் ஆறு. ஷார்ஜாவில் வாடகை குறைவென்று போனவர்கள் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலுக்கும், மிச்சம் பிடிக்காத நேரத்தை அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலுக்கும் கொடுக்கிறார்கள். நான் கடைசி ஆறு வருஷம் கொடுத்தேன். காலையில் ஐந்தரைக்குக் கிளம்புவேன், என் பையன் எழுந்து என்னைப் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம்.

விமான டிக்கெட்டை வருஷச் செலவில் முதலிலேயே எழுதிவிடுங்கள். அங்கே பள்ளிகளுக்குப் பெரிய லீவு ஜூலை, ஆகஸ்டில். எல்லாக் குடும்பமும் ஒரே வாரத்தில் கிளம்புகிறது, ஓணத்தையொட்டித் திரும்புகிறது. மற்ற மாதங்களில் இருக்கும் கட்டணம் அந்த வாரங்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவதை நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். கம்பெனி டிக்கெட் தருகிறது என்றால் உனக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா, வருஷா வருஷமா, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையா என்று கேளுங்கள். அப்புறம் பெட்டி. பால் பவுடர், கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட், இத்தனை பேருக்கு இத்தனை என்று. வாங்குகிற நாம் அதை எதிர்பார்ப்பதைக் குறைத்துக்கொண்டால் எத்தனையோ பிள்ளைகள் ஒரு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பார்கள். இதைப் பெரியவர்களைப் பார்த்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

துபாய்க்குச் சொன்னது ரியாத்துக்குப் பொருந்தாது. சவூதியில் வாட் 15 சதவீதம், 2020 ஜூலையிலிருந்து. அதைவிடப் பெரியது, கூட இருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும். 2017-இல் 100 ரியாலில் தொடங்கி வருஷா வருஷம் ஏறியது. மனைவி, இரண்டு பிள்ளை என்றால் வருஷம் 14,400 ரியால். அந்தக் கட்டணம் வந்த காலத்தில்தான் சவூதியிலிருந்து நம் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பின. பஹ்ரைனில் வாட் 10, ஓமானில் 5, குவைத்திலும் கத்தரிலும் வாட் இன்னும் வரவில்லை. ஊரின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

இப்போது ஆஃபர் லெட்டருக்கு வருகிறேன். பிள்ளைகளே, அதில் மொத்தத் தொகைக்கு மேலே சின்ன எழுத்தில் 'பேசிக்' என்று ஒரு வரி இருக்கும். அதை முதலில் படியுங்கள். அங்கே நமக்குப் பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. கிளம்பும்போது கிடைப்பது கிராஜுவிட்டி ஒன்றுதான். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு வருஷத்துக்கு 30 நாள். எந்தச் சம்பளம்? பேசிக் மட்டும். 8,000-இல் பேசிக் 4,000 என்றால் ஐந்து வருஷத்தில் 14,000 திர்ஹம். அதே 8,000-இல் பேசிக் 6,000 என்றால் 21,000. மாதம் கைக்கு வருவது ஒன்றுதான், கிளம்பும் நாளில் 7,000 திர்ஹம் வித்தியாசம். என் முதல் ஒப்பந்தத்தில் பேசிக் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாமல் சந்தோஷமாகப் போட்டேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் செலவையும் வேலைக்காரனின் விசாச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது அமீரகச் சட்டம். இங்கே பதிவுபெற்ற ஏஜென்ட் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரிடமும் அப்படியே. அந்த விசாவில் வேலை செய்வது குற்றம். கையில் கொண்டுபோன பணம் பெட் ஸ்பேஸிலும் சாப்பாட்டிலும் தீர்ந்த பிறகு எந்தச் சம்பளம் சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவோம்.

மாமி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகனின் வருஷச் சம்பளம் 96,000 திர்ஹம். இரண்டு பேருமாகப் போனால் ஸ்டுடியோ வாடகையும் வீட்டு வரியும் சேர்த்து 50,400. மிச்சம் 45,600, அதாவது மாதம் 3,800. நம் பணத்தில் 87,400 ரூபாய். இதில்தான் கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், சாப்பாடு, மெட்ரோ, மருமகளின் இன்சூரன்ஸ், விசா, இரண்டு டிக்கெட், உங்களுக்கு அனுப்ப வேண்டியது எல்லாம். இங்கே சொந்த வீட்டில் வாடகையில்லாமல் 50,000 வாங்குகிறான். கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 37,000 ரூபாய் சொச்சம். மேலே சொன்ன செலவுகள் அதைத் தின்றுவிடும். ஒரு குழந்தை பிறந்தால் கடன்.

அவன் மட்டும் போனால் கணக்கு மாறுகிறது. சட்டத்துக்கு உட்பட்ட நல்ல அறையில் ஓர் இடத்துக்கு ஆயிரம், சாப்பாட்டுக்கு ஆயிரம், மெட்ரோ பாஸுக்கு 350, போனுக்கும் சில்லறைக்கும் 500 என்று வைத்தாலும் மாதம் ஐயாயிரம் திர்ஹம் நிற்கும். ஆகவே என் அபிப்பிராயம் இது: அவன் முதலில் தனியாகப் போகட்டும், இரண்டு அல்லது மூன்று வருஷம் என்று முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு. கம்பெனி வீட்டு வாடகையோ குடும்ப இன்சூரன்ஸோ எழுதித் தருகிறதா என்று கையெழுத்துக்கு முன் கேட்கட்டும். 8,000 திர்ஹத்துக்கு இரண்டு பேருமாகப் போக வேண்டாம். மருமகளுக்கும் அங்கே வேலை உறுதியானால் அன்றைக்கு வேறு கணக்குப் போடலாம். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளைப் பிரிந்திருக்கச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாலு காசோலை கொடுத்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்.

கிளம்புகிற எல்லோரும் தைக்காட்டில் இருக்கும், வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான நோர்க்கா அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஏஜென்ட்டுக்கு உரிமம் உண்டா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சர்டிஃபிகேட், கல்யாணப் பதிவு இவற்றில் முத்திரை வாங்கும் வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு முடிக்க இரண்டு மடங்கு அலைச்சல். கேரளப் பிரவாசி நல வாரியத்தில் 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் சேரலாம். வெளிநாட்டில் இருப்பவர் மாதம் 350 ரூபாய் கட்ட வேண்டும். குறைந்தது ஐந்து வருஷம் கட்டினால் 60 வயதுக்குப் பிறகு பென்ஷன் உண்டு. இந்த மண்ணில் பிறந்த தமிழ் பேசும் நமக்கும் அந்த உரிமை இருக்கிறது, நம் தெருவில் பலர் சேரவில்லை. நான் சேர்ந்தது ஊருக்குத் திரும்பிய பிறகுதான். அங்கே இருக்கும்போதே சேர்ந்திருக்க வேண்டும்.

ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் என் வீட்டுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தால் போதும், இரண்டு பேருமாக உட்கார்ந்து வருஷத்துக்கு எழுதிப் பார்த்துவிடலாம்.